ஆறு ஏக்கர் வானம்

அயோவா, கான்சஸ், நெப்ராஸ்கா, இல்லினாய் என்று அமெரிக்க நடுச்சமவெளி மாநிலங்களில் விவசாயிகள் சொந்த நிலத்தில் அமைத்துக்கொண்ட புல் ஓடுதளங்களின் பட்டியலைப் பார்த்தால், ஒரு நீளம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: 2,640 அடி. அதாவது அரை மைல். விமானத்தின் தேவையைக் கணக்கிட்டு யாரும் எட்டிய எண் அல்ல அது. 1785-ஆம் ஆண்டின் நில அளவைச் சட்டம் அந்தச் சமவெளியை ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்களாக வகுத்தது. ஒரு சதுரம் 640 ஏக்கர். அதில் கால்பங்கு 160 ஏக்கர். 1862-இல் வந்த குடியேற்ற நிலச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு அளித்தது அந்தக் கால்பங்கைத்தான். 160 ஏக்கர் சதுரத்தின் ஒரு பக்கம் சரியாக அரை மைல். வேலியோரமாக இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு பட்டையை உழாமல் விட்டால் ஓடுதளத்துக்கு இடம் கிடைத்துவிடும்.

அகலம் நூறு அடி என்று கொண்டால் அது ஆறு ஏக்கர். அந்த ஆறு ஏக்கர் எப்படி உழவிலிருந்து விலக்கப்பட்டது, யார் அதை விலக்கி வைத்திருந்தார்கள், எப்படி மறுபடி உழவுக்குள் போனது என்பதே இங்கே பேசப்போகும் பொருள். விமான வரலாற்றை எழுதுபவர்கள் இந்தச் சிறு ஓடுதளங்களின் மறைவைத் தனியார் விமானங்கள் குறைந்துபோன கதைக்கு ஓர் அடிக்குறிப்பாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். என் பார்வையில் அது பாதி உண்மைதான். புல் ஓடுதளம் பிறந்ததும் மடிந்ததும் வேளாண்மையின் வரலாற்றுக்குள். அதன் முடிவுக்கான காரணத்தை விமானத் துறையின் புள்ளிவிவரங்களில் தேடுவதைவிட நிலக் குத்தகைப் பத்திரங்களில் தேடுவது அதிகம் கைகொடுக்கும்.

புல் ஓடுதளத்தைச் சும்மா கிடக்கும் நிலம் என்று எண்ணிவிடக் கூடாது. அது வளர்க்கப்பட்டுப் பராமரிக்கப்படும் ஒரு பயிர். விமானத்தின் எடையைத் தாங்குவது மேலே தெரியும் புல்லல்ல, அடியில் பின்னிக் கிடக்கும் வேர். அந்தப் பின்னல் இறுக இரண்டு மூன்று ஆண்டுகளாவது பிடிக்கும். அதற்குத் தக்க புல்லைத் தேர்ந்துதான் விதைத்தார்கள். குளிர் மிகுந்த வடக்கில் புரோம் புல்லும் நீலப்புல்லும். சற்றுத் தெற்கே ஃபெஸ்க்யூ. இந்த ஃபெஸ்க்யூ வகைகளில் பேர்பெற்ற கென்டக்கி-31, கென்டக்கி மாநிலத்து மலைச்சரிவு ஒன்றில் 1931-இல் கவனிக்கப்பட்டு, 1943-இல் அம்மாநிலப் பல்கலைக்கழகத்தால் விவசாயிகளுக்கு வெளியிடப்பட்டது. போர் முடிந்து ஓடுதளங்கள் பெருகிய காலத்தில், கால்நடை மிதிப்பையும் வறட்சியையும் தாங்கும் ஒரு புல் விதைக்கடைகளில் ஆயத்தமாக இருந்தது.

அடுத்தது வடிகால். மத்திய மேற்கின் வளமான கரிசல் பெரும்பகுதி ஒருகாலத்தில் நீர் தேங்கிய நிலம். சுட்ட மண் குழாய்களைப் புதைத்து நீரை இறக்கியபிறகுதான் அங்கே மக்காச்சோளம் வந்தது. ஓடுதளத்துக்கும் அந்தக் குழாய்கள் வேண்டும். நடுப்பகுதி சற்றே மேடாகவும் இருபுறமும் சரிந்தும் இருந்தால் நல்லது. பனி உருகும் மார்ச் மாதத்தில் தரை சேறாகி, சில வாரங்களுக்கு ஓடுதளம் பயன்படாது. உறைந்து விரிந்த மண் இளகியதும் உருளையை ஓட்டி மேடுபள்ளத்தை அழுத்திவிட வேண்டும். வளை தோண்டும் எலிகளையும் வளைக்கரடிகளையும் கண்காணிக்க வேண்டும். ஒரு வளைக்குள் சக்கரம் இறங்கினால் விமானம் மூக்குக் குப்புறக் கவிழ்ந்துவிடும். கோடை முழுவதும் புல்லை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புல்லின் உயரமும் ஈரமும் எவ்வளவு முக்கியம் என்பதைப் பிரிட்டனின் விமானப் பாதுகாப்பு அறிவுரைகள் எண்ணிலேயே சொல்கின்றன: உலர்ந்த புல்லில் மேலெழுவதற்கான தூரத்தை 20 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும், ஈரப்புல்லில் 30 சதவீதம்.

இவ்வளவு வேலைக்குப் பதிலாக அது தந்த ஒன்று உண்டு. வால்பக்கம் சக்கரம் கொண்ட பழைய விமானங்களுக்குப் புல்லைப் போல இணக்கமான தரை வேறில்லை. பக்கக்காற்றில் சற்றுக் கோணலாக இறங்கினாலும் புல் சக்கரத்தை வழுக்கவிட்டு மன்னித்துவிடும். சிமென்ட் தளம் மன்னிக்காது. தொடக்க கால விமானங்கள் பலவற்றுக்கு பிரேக்கே கிடையாது. வால் முனையில் இருந்த இரும்புக்கட்டை தரையில் உராய்ந்துதான் வேகம் குறையும். அதற்குப் புல்தரை அவசியம்.

விமானம் கற்றுக்கொண்ட இடமே ஒரு மேய்ச்சல் நிலம்தானே. 1903 டிசம்பரில் கடற்கரை மணலில் பறந்த ரைட் சகோதரர்கள், விமானத்தை உண்மையில் ஓட்டக் கற்றது ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் நகருக்குக் கிழக்கே இருந்த ஹஃப்மன் புல்வெளியில். டாரன்ஸ் ஹஃப்மன் ஒரு வங்கியின் தலைவர். தமது 84 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை வாடகை வாங்காமலே பயன்படுத்தக் கொடுத்தார். பறப்பதற்கு முன் மாடுகளையும் குதிரைகளையும் வேலிக்கு வெளியே ஓட்டிவிட வேண்டும் என்பதே அவர் கேட்டது. அவர்களின் விமானத்துக்குச் சக்கரம் இல்லை; மரத் தண்டவாளத்தின்மேல் ஓடி எழும்பும், சறுக்குக்கட்டைகளில் புல்மீது இறங்கும். 1904 செப்டம்பர் 20 அன்று அந்த மேய்ச்சல் நிலத்தின்மேல் விமானம் முதன்முறையாக ஒரு முழு வட்டம் அடித்தது. அதை நேரில் பார்த்து அச்சில் எழுதியவர் ஏமஸ் ரூட். தேனீ வளர்ப்பவர். அந்தச் செய்தி 1905 ஜனவரியில் அவர் நடத்திய தேனீ வளர்ப்பு இதழில் வெளிவந்தது. பெரிய செய்தித்தாள்கள் நம்ப மறுத்த ஒன்றை, நிலத்தோடும் பூவோடும் புழங்கிய ஒருவர் கண்ணால் கண்டு எழுதினார் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. மாடு மேயும் வெளியில் என்ன நடக்கிறது என்று நின்று பார்க்கும் பழக்கம் அப்படிப்பட்டவர்களுக்கு இருந்தது.

வயலும் விமானமும் அடுத்துச் சந்தித்ததும் ஒஹையோவிலேயே. 1921 ஆகஸ்ட் 3 அன்று ட்ராய் என்ற ஊரில், புழு அரித்துக்கொண்டிருந்த கட்டால்பா மரத்தோப்பின்மேல் ராணுவ விமானி ஜான் மக்ரெடி ஈய ஆர்சனேட் தூளைத் தூவினார். பயிருக்கு வானிலிருந்து மருந்தடிப்பது அங்கே தொடங்கியது. சில ஆண்டுகளில் பருத்தி வயல்களுக்கு மருந்தடிக்கும் நிறுவனங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று லூசியானாவின் மன்றோ நகரில் வளர்ந்து, பின்னாளில் டெல்டா ஏர்லைன்ஸ் ஆனது. மருந்து விமானத்துக்குப் பெரிய விமான நிலையம் தேவையில்லை. வயலுக்குப் பக்கத்தில் ஒரு புல்பட்டையும், மருந்து கலக்க ஒரு தொட்டியும் இருந்தால் போதும்.

ஆனால் சாதாரண விவசாயி தன் வீட்டோரம் ஓடுதளம் வைத்துக்கொண்டது இரண்டாம் உலகப் போரை ஒட்டித்தான். 1938 முதல் 1944 வரை அரசு நடத்திய குடிமக்கள் விமானிப் பயிற்சித் திட்டத்தில் 4,35,000-க்கும் மேற்பட்டவர்கள் பறக்கக் கற்றார்கள். போரிலிருந்து திரும்பியவர்களின் பயிற்சிக் கட்டணத்தை 1944-இன் படைவீரர் நலச் சட்டம் ஏற்றுக்கொண்டது. பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் நகரில் உருவான பைப்பர் கப், மஞ்சள் நிறத் துணி போர்த்திய இரட்டை இருக்கை விமானம், கையிருப்பில் ஏராளமாக இருந்தது. 1938 முதல் 1947 வரை அந்த ஒரு வகையில் மட்டும் கிட்டத்தட்ட 20,000 விமானங்கள் செய்யப்பட்டன. 65 குதிரைத்திறன் என்ஜின். வெற்று எடை 350 கிலோவை எட்டாது. எதிர்க்காற்று இருந்தால் 400 அடிக்குள் தரையை விட்டு எழும்பிவிடும். அரை மைல் புல்பட்டை அதற்கு மிகத் தாராளம்.

1944-இல் ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில், அங்கிருந்த வேளாண் கல்லூரியின் ஆதரவில், பறக்கும் விவசாயிகள் சங்கம் உருவானது. விரைவில் அது நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்தது. அறுவடை நடுவில் இயந்திரத்தின் பல்சக்கரம் உடைந்தால், அறுபது மைல் தள்ளியிருக்கும் கடைக்கு விமானத்தில் போய் மதியத்துக்குள் உதிரிபாகத்தோடு திரும்பலாம். மேய்ச்சல் வெளியில் மாடு எங்கே நிற்கிறது, வேலி எங்கே அறுந்திருக்கிறது, எந்தத் துண்டில் பயிர் மஞ்சளாகிறது என்று கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். தாங்கள் பொழுதுபோக்குக்காகப் பறப்பவர்கள் அல்ல, விமானம் தங்களுக்கு டிராக்டரைப் போல ஒரு கருவி என்று அந்த விவசாயிகள் வற்புறுத்திச் சொன்னார்கள். அதை நான் நம்புகிறேன். கூடவே, நாளெல்லாம் மண்ணைப் பார்த்துக் குனிந்திருந்த ஒருவர் மாலையில் தன் 160 ஏக்கரை மேலிருந்து பார்க்கும்போது அடைந்த மகிழ்ச்சியையும் நம்புகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சோளம் விதைத்திருக்கும் ஆறு ஏக்கரில் இவர் புல் வளர்த்தது அந்த மகிழ்ச்சிக்காகவும்தான்.

இனி வீழ்ச்சி. விமானத் துறையின் எண்கள் எல்லோரும் அறிந்தவை. 1946-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் சுமார் 35,000 சிறு விமானங்களைச் செய்து தள்ளின. 1949-இல் அது 4,000-க்கும் கீழே போனது. வீட்டுக்கொரு விமானம் என்று உற்பத்தியாளர்கள் கண்ட கனவு மூன்றே ஆண்டுகளில் கலைந்தது. பிறகு மெல்ல ஏறி, 1978-இல் 17,811 விமானங்கள் விற்பனைக்குப் போயின. 1994-இல் வெறும் 928. பழைய விமானம் விழுந்தாலும் உற்பத்தியாளர்மேல் வழக்கு வந்ததால் காப்பீட்டுச் செலவு ஏறி, 1986-இல் செஸ்னா நிறுவனம் சிறிய ஒற்றை என்ஜின் விமானங்களைச் செய்வதையே நிறுத்தியது. தனியார் விமானி உரிமம் வைத்திருந்தவர்கள் 1980-இல் 3,57,000 பேர். 2016-இல் 1,62,000 பேர்.

இந்த எண்களையும் ஓடுதளங்களின் மறைவையும் அடுத்தடுத்து வைத்தால் விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் விமானம் ஓட்டுவதை ஒருவர் நிறுத்திவிட்டால் ஓடுதளம் தானாக உழவுக்குள் போய்விடாது. புல் அங்கேயே நிற்கும். வைக்கோலாக வெட்டிக்கொள்ளலாம், மாடு மேய்க்கலாம். அதை உழுவதற்கு யாரோ ஒருவர் தனியாக முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை எடுப்பவர் யார், எந்தக் கணக்கில் எடுக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1935-இல் அமெரிக்காவில் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 155 ஏக்கர். அந்தக் கால்பங்குச் சதுரம்தான். 2022 கணக்கெடுப்பில் பண்ணைகள் 19 லட்சம்; சராசரி 463 ஏக்கர். மத்திய மேற்கில் தானியம் விளைவிக்கும் பண்ணைகள் பல, இந்தச் சராசரியைவிடப் பல மடங்கு பெரியவை. நிலத்தை வைத்திருப்பவரும் உழுபவரும் ஒருவராக இருப்பது குறைந்துகொண்டே வருகிறது. வேளாண் துறையின் 2014 கணக்கெடுப்புப்படி நாட்டின் சாகுபடி நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகையில் இருக்கிறது. பறந்த விவசாயி இறந்த பிறகு நிலம், சிகாகோவிலோ டென்வரிலோ வாழும் பிள்ளைகளின் பெயருக்கு வருகிறது. அவர்கள் அதைப் பல ஆயிரம் ஏக்கர் பயிரிடும் ஒருவருக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். அறுபது அடி அகல விதைப்பு இயந்திரத்தோடு வயலில் இறங்கும் அந்தக் குத்தகைதாரருக்கு, நூறு அடி அகலப் புல்பட்டை ஒரு இடைஞ்சல். ஏக்கருக்கு இத்தனை டாலர் என்று குத்தகை பேசும்போது, உழமுடியாத ஆறு ஏக்கருக்கு அவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

அந்த ஆறு ஏக்கரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2023-இல் அமெரிக்காவின் சராசரி மக்காச்சோள மகசூல் ஏக்கருக்கு 177 புஷல். ஒரு புஷல் மக்காச்சோளம் சுமார் 25 கிலோ. ஆறு ஏக்கரில் ஆயிரம் புஷலுக்குச் சற்று அதிகம், ஏறத்தாழ 27 டன். 2005-இல் விளைந்த சோளத்துக்குச் சராசரியாகக் கிடைத்த புஷலுக்கு 2 டாலர் என்ற விலையில் அது 2,100 டாலர். 2012 விளைச்சலுக்குக் கிடைத்த கிட்டத்தட்ட 6.90 டாலரில் 7,300 டாலர். இடையில் நடந்தது என்ன? 2005-லும் 2007-லும் வந்த சட்டங்கள் பெட்ரோலில் எத்தனால் கலப்பதைக் கட்டாயமாக்கின. விலை ஏறியது, வேலியோரமும் ஓடைக்கரையும்கூட உழவுக்குள் வந்தன. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, மக்காச்சோளப் பிரதேசத்தின் மேற்குப் பகுதி மாநிலங்களில் மட்டும் 2006-க்கும் 2011-க்கும் இடையே நிகரமாக 5,30,000 ஹெக்டேர் புல்நிலம் சோளமாகவும் சோயாவாகவும் மாறியதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து காட்டியது. அந்த வெள்ளத்தில் ஆறு ஏக்கர் எம்மாத்திரம்!

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அயோவாவில் அந்த ஆறு ஏக்கரின் குத்தகை ஆண்டுக்கு 1,500 டாலருக்குச் சற்று மேலே வரும். தன் விமானத்தைத் தானே ஓட்டும் ஒருவருக்கு அது கட்டுப்படியாகும் தொகை. நகர விமான நிலையத்தில் கொட்டகை வாடகை கொடுத்து, போக வர எண்ணெய் எரிப்பதோடு ஒப்பிட்டால் லாபமும்கூட. எனவே நிலச் சொந்தக்காரர், உழவர், விமானி மூவரும் ஒரே ஆளாக இருந்தவரை ஓடுதளம் பிழைத்தது. அந்த மூவரும் பிரிந்தபோது அதைக் காப்பாற்ற ஆளில்லை. சோள விலை ஏறாமல் இருந்திருந்தாலும் இந்தப் பிரிவு நடந்தே இருக்கும் என்பது என் முடிவு. விலையேற்றம் அதைச் சில ஆண்டுகள் முன்னால் இழுத்து வந்தது.

நீர்ப்பாசனமும் மின்சாரமும் தம் பங்குக்குச் செய்தன. ஃபிராங்க் ஸைபாக் என்ற விவசாயி 1952-இல் காப்புரிமை பெற்ற சுழல்கைப் பாசனம், வயலின் நடுவில் ஊன்றிய தூணைச் சுற்றிக் கால் மைல் நீளக் குழாய்க் கையைச் சக்கரங்களில் நகர்த்துகிறது. நெப்ராஸ்காவின்மேல் பறப்பவர்கள் காணும் பச்சை வட்டங்கள் அவை. அந்தக் கை வேலியோரம் வரை எட்டும்போது ஓடுதளத்தின் குறுக்கே வந்து நிற்கும். 1936-இன் கிராம மின்மயச் சட்டத்துக்குப் பிறகு சாலையோரமெங்கும் கம்பங்கள் நட்டார்கள். சாலைகள் மைல் சதுரத்தின் எல்லைக்கோட்டில்தான் ஓடுகின்றன. ஓடுதளத்தின் முனையும் அங்கேதான் முடிகிறது. கம்பியைத் தாண்டி இறங்க வேண்டியிருப்பதால், அரை மைல் ஓடுதளத்தில் முதல் சில நூறு அடி வீணாகும்.

உழும் வேலை எளிது. அதுவே மனத்தை உறுத்துகிறது. இலையுதிர் காலத்தில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். புல் பழுப்பாகிச் சாய்கிறது. வசந்தத்தில், செத்த வேர்ப்பின்னலைக் கிழித்துக்கொண்டு உழாமலே நேரடியாக விதைப்பு. முதல் ஆண்டு பெரும்பாலும் சோயா போடுவார்கள். காரணம், நெடுநாள் புல்லாக இருந்த மண்ணில் கம்பிப்புழுவும் வெண்புழுவும் மண்டியிருக்கும். மக்காச்சோளத்தின் விதையையும் இளவேரையும் அவை தின்றுவிடும். பல பத்தாண்டுகள் உழப்படாத மண்ணில் மட்கு சேர்ந்திருக்கும். மண் கிளறப்படும்போது அது காற்றுப்பட்டுச் சிதைந்து தழைச்சத்தை விடுவிக்கும். ஆகவே தொடக்க ஆண்டுகளில் அந்தப் பட்டையில் பயிர் பக்கத்து வயலைவிடக் கருத்துச் செழிக்கலாம். விமானங்கள் ஓடி ஓடி மண் கல்லாக இறுகியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அரை டன் விமானம் மண்ணை அழுத்துவதெல்லாம் பல டன் எடையுள்ள டிராக்டரின் முன்னே ஒன்றுமே இல்லை. ஓடுதளத்தின் மண் பெரும்பாலும் அந்தப் பண்ணையிலேயே நலம் மிகுந்த மண்.

விதிவிலக்கு, மருந்து விமானங்கள் புறப்பட்ட ஓடுதளங்கள். அங்கே விமானம் நின்று மருந்து ஏற்றிய இடத்தில், தொட்டி கழுவிய இடத்தில், சிந்தியவை அப்படியே தங்கியிருக்கின்றன. டாக்ஸபீன், டிடிடி போன்றவை பல பத்தாண்டுகளாக மண்ணில் நிலைப்பவை. ஆர்சனிக்குக்கு அழிவே கிடையாது. இப்படிப்பட்ட பழைய மருந்தேற்றுமிடங்களைப் பல மாநிலங்கள் மாசுபட்ட நிலங்களாகப் பதிவு செய்து மண்ணை அகற்ற வேண்டியிருந்திருக்கிறது. உழுது விதைத்துவிட்டால் மேலிருந்து பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது என்பதால், எங்கே மருந்து விமானம் நின்றது என்ற நினைவு ஊரிலிருந்து மறைவது ஆபத்தானது. இந்தச் சிறு ஓடுதளங்களின் வரலாற்றைத் தொகுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான காரணம் எனக்குத் தெரியவில்லை.

கான்கிரீட் ஓடுதளங்களின் பின்கதையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரிட்டனின் கிழக்குக் கடலோரத்தில் போர்க்காலக் குண்டுவீச்சு விமானங்களுக்காகக் கட்டிய தளங்களும் வயலாகத்தான் திரும்பின. ஆனால் அங்கே கான்கிரீட்டை உடைத்து அள்ளிச் சாலைகளுக்கு அடியில் போடவேண்டியிருந்தது. உடைக்காத இடங்களில் பழைய ஓடுதளத்தின்மேலேயே நீண்ட வான்கோழிக் கொட்டகைகள் நிற்கின்றன. புல் ஓடுதளம் எதிர்த்திசையில் போன உதாரணமும் அந்த நாட்டில் இருக்கிறது. லண்டனுக்கு மேற்கே காய்கறித் தோட்டங்களுக்கு நடுவில், ஃபேரி விமான நிறுவனம் ஹார்மண்ட்ஸ்வர்த் ஊரின் பாதிரியாரிடம் 150 ஏக்கர் வாங்கி, 1930-இல் ஒரு தனியார் புல்தளம் திறந்தது. 1944-இல் போர்க்கால அதிகாரத்தைக் காட்டி அரசு அதையும் சுற்றியிருந்த தோட்டங்களையும் எடுத்துக்கொண்டது. அதுதான் இன்றைய ஹீத்ரோ. அந்த வட்டாரம் லண்டனுக்குக் காய்கறி கொடுத்த வளமான மண். அங்கே மறுபடி கலப்பை இறங்க வழியே இல்லை. வயலுக்குத் திரும்பமுடிந்தது ஓடுதளம் செய்த நல்லதுகளில் ஒன்று என்று நான் சொல்லும்போது இந்த ஹீத்ரோவைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு எளிதாக அழிந்துபோனதை வரலாற்றாய்வாளர் எங்கே தேடுவது? அமெரிக்க விமானப் படங்களில் தனியார் ஓடுதளத்துக்கு ஒரு குறி உண்டு: வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற எழுத்து. ஆனால் எல்லாத் தனியார் தளங்களும் அந்தப் படத்தில் ஏறுவதில்லை. வானிலிருந்து பார்க்கும் விமானிக்கு அடையாளமாகப் பயன்படுமா என்று பார்த்துத்தான் குறிப்பார்கள். ஓடுதளம் அமைப்பவரும் கைவிடுபவரும் விமான நிர்வாகத்துக்கு ஒரு படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அமைக்கும்போது படிவம் நிரப்பியவர் இறந்துவிட்டால், கைவிட்டதை யார் எழுதிப்போடுவது? வயல் உழப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் பட்டியலில் ஓடுதளம் உயிரோடு இருக்கும். நாட்டில் தனியார் பயன்பாட்டு விமானத் தளங்கள் 14,000-க்கு மேல் என்று சொல்லும்போது அந்த எண்ணில் இப்படிப்பட்டவையும் அடங்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உண்மையான ஆவணம் வேளாண் துறையிடம் இருக்கிறது. 1930-களின் நடுவில், விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்தபோது, பரப்பைக் குறைக்கும் விவசாயிக்கு அரசு பணம் கொடுத்தது. சொன்னபடி குறைத்தாரா என்று அளப்பதற்காக, மாவட்டம் மாவட்டமாக விமானத்தில் பறந்து வயல்களைப் படமெடுக்கத் தொடங்கினார்கள். 1:20,000 அளவுள்ள கருப்பு வெள்ளைப் படங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த வேலை தொடர்ந்தது. 2003 முதல் எண்ணியல் வண்ணப் படங்களாக வருகிறது. எவ்வளவு பயிர் என்று கணக்கிட எடுத்த படங்களில், பயிர் இல்லாத வெளிறிய பட்டையாக ஓடுதளம் விழுந்திருக்கிறது. ஒரே வயலின் படங்களை வரிசையாக அடுக்கினால், எந்த இரண்டு படங்களுக்கு இடையே ஓடுதளம் தோன்றியது, எந்த இரண்டுக்கு இடையே மறைந்தது என்று சொல்லிவிடலாம். அதோடு, மறைந்த பிறகும் சில காலம் அது தெரியும்: மண்ணில் தங்கிய மட்குக்கும் ஈரத்துக்கும் ஏற்பப் பயிரின் நிறம் ஒரு நேர்ப்பட்டையில் மாறுபடும். பிரிட்டனில் ஓ. ஜி. எஸ். கிராஃபர்ட் 1920-களில் வான்படங்களில் பயிர் நிற வேறுபாட்டைப் படித்துத்தான் புதையுண்ட பழங்கால அகழிகளையும் வயல்களையும் கண்டார். விமானம் தந்த அந்த முறை, இப்போது விமானத்தின் சொந்தத் தடத்தைத் தேட உதவுகிறது.

ஓடுதளத்தோடு போனது புல்லும்தான். அயோவாவின் உயர்புல் வெளியில் இன்று ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. பண்ணை ஓடுதளங்களில் பெரும்பாலானவை அயல்நாட்டுப் புல் விதைத்தவை என்பதால் அவற்றைப் பழைய புல்வெளியின் மிச்சம் என்று சொல்வது தவறு. புல்லில் கூடுகட்டும் பறவைகளுக்கு ஜூன் மாதத்தில் ஓடும் வெட்டும் இயந்திரம் எமன் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆயினும் சுற்றிலும் சோளமும் சோயாவும் மட்டுமே உள்ள பரப்பில், உழவு படாத ஆறு ஏக்கர் மழைநீரை உறிஞ்சிப் பிடித்தது, மண் கரைந்தோடாமல் தடுத்தது. விமானத்துக்காக விலக்கிய நிலம் புல்லைக் காக்கக்கூடும் என்பதற்கு ஹஃப்மன் புல்வெளிக்கு நேர்ந்தது ஒரு சான்று. 1917-இல் ராணுவம் அந்த வட்டாரத்தை எடுத்துக்கொண்டதால் அங்கே வீடுகளும் வரவில்லை, கலப்பையும் முழுதாக இறங்கவில்லை. ரைட் சகோதரர்கள் பறந்த இடத்தை ஒட்டி, 100 ஏக்கருக்கு மேல் உயர்புல் வெளி இன்றும் பேணப்படுகிறது. ஒஹையோவில் இயற்கையாக எஞ்சியவற்றில் அதுவே மிகப் பெரிது.

எஞ்சியிருக்கும் பண்ணை ஓடுதளங்களுக்கு அண்மைக்காலத்தில் சில ஆதரவுகள் கிடைத்திருக்கின்றன. 2004-இல் வந்த விளையாட்டு விமானி உரிமமும், 2017-இல் எளிதாக்கப்பட்ட மருத்துவத் தகுதி விதியும், வயதான விவசாயிகள் இன்னும் சில ஆண்டுகள் பறக்க இடம் கொடுத்தன. தன் நிலத்தில் பிறரை இலவசமாக இறங்கவிடும் சொந்தக்காரர்மேல் விபத்து வழக்கு வராமல் காக்கும் சட்டங்களில், வேட்டை, மீன்பிடிப்பு, நடைப்பயணத்தோடு விமானப் பயணத்தையும் பல மாநிலங்கள் சேர்த்திருக்கின்றன. இவையெல்லாம் பறப்பவருக்கான உதவிகள். நிலத்தைப் பற்றிய முடிவு வேறிடத்தில் நடக்கிறது. பிரிட்டனின் திட்டமிடல் விதி, வயலை ஆண்டுக்கு 28 நாள் வரை தற்காலிகமாக வேறு பயனுக்கு விடலாம் என்கிறது. அங்கே வைக்கோல் வெட்டிய வயலில் விமானம் இறங்கினாலும் அது வயலாகவே கணக்கில் நிற்கிறது. அமெரிக்கச் சமவெளியில் அத்தகைய நடுவழி சட்டத்தால் வர வேண்டியதில்லை. வாரிசுகள் நிலத்தைக் குத்தகைக்கு விடும் நாளில், வேலியோர ஆறு ஏக்கர் புல் நீங்கலாக என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால், ஆண்டுக்கு 1,500 டாலர் குறையும். வைக்கோலாக வெட்டி விற்றால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். அந்த வரியைச் சேர்க்கச் சொல்ல வேண்டியவர் பறந்துகொண்டிருக்கும் விவசாயிதான், அதுவும் பிள்ளைகளிடம், தான் உயிரோடு இருக்கும்போதே.